மேகத்துக்கென்று எழுதும் மென்பொருள்: எங்கே தொடங்குவது?



இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு வியாழன் இரவு, வருமான வரிக் கேள்விகளுக்கு நேரடியாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். நிகழ்ச்சி முடிகிற தறுவாயில் ஒரு தம்பி தொலைபேசியில் வந்தார். பின்னால் போர்க்லிப்ற் வண்டிகளின் சத்தம் கேட்டது. "அண்ணை, இது வரிக் கேள்வி இல்லை, கேட்கலாமோ?" என்றார். 2012 இல் படகில் வந்தவர். இன்னமும் பிரிட்ஜிங் விசாவில்தான் இருக்கிறார். குளிர்களஞ்சியம் ஒன்றில் இரவு வேலை. ஊரில் உயர்தரம் கணிதப் பிரிவில் படித்தவராம். "உந்தக் 'கிளவுட் நேற்றிவ்' எண்டு சொல்லுறாங்களே, அதைப் படிச்சால் நல்ல வேலை எடுக்கலாமாம். ஒரு கல்லூரி பதினாலாயிரம் டொலர் கேட்குது. சீட்டை எடுத்துக் கட்டட்டோ?"

நேரம் முடிந்துவிட்டது. "தம்பி, இப்போதைக்குக் கட்டாதையும். பாடத்திட்டத்தை எனக்கு அனுப்பும்" என்று மட்டும் சொல்ல முடிந்தது. அதற்குப் பிறகு இதே கேள்வியோடு மூன்று பெற்றோர் அழைத்துவிட்டார்கள். ஆகவே சென்ற வார உரையில் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் கணனிப் பொறியியலாளன் அல்லன். யாழ்ப்பாணத்தில் வணிகமாணி முடித்து, இங்கே வந்து மறுபடியும் பரீட்சைகள் எழுதி, மற்றவர்களின் கணக்குப் பார்த்து வாழ்கிறவன். 'கிளவுட்' என்கிற மேகம் என்னிடம் வந்து சேர்ந்தது பில் வடிவில்தான். முன்பெல்லாம் ஒரு வியாபாரி சேர்வர் வாங்கினால் அது நிலையான சொத்து. ஐந்தொகையில் ஏறும். வருடா வருடம் பெறுமானத் தேய்வு எழுதுவோம். பிறகு அந்த வரி மெலிந்துகொண்டு போக, மாதச் செலவில் ஒரு புதிய வரி கொழுக்கத் தொடங்கியது. இது என்ன செலவு என்று கிண்டப்போய்க் கற்றுக்கொண்டவைதான் இவை.

மேகம் என்ற பெயரே ஆட்களை மயக்குகிறது. அது வானத்தில் இல்லை. கட்டடத்துக்குள் அடுக்கிய கணனிகள், அவற்றைக் குளிராக்கும் இயந்திரங்கள், மின்சாரம். அவ்வளவுதான். அமேசன் நிறுவனம் 2006 மார்ச்சில் சேமிப்பிடத்தையும் அதே வருடம் ஓகஸ்ட்டில் கணனிகளையும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது. 2012 நவம்பரில் சிட்னியில் தன் மையங்களைத் திறந்தது. மெல்பேர்ணுக்கு 2023 தையில்தான் வந்தது. 2016 யூன் 5ஆம் திகதி சிட்னியில் அடித்த புயல்மழையில் அந்த மையங்களில் ஒரு பகுதிக்கு மின்சாரம் போக, பல நிறுவனங்களின் இணையத்தளங்கள் மணித்தியாலக் கணக்கில் படுத்துக் கிடந்தன. மழைக்கு ஒழுகும் மேகம் என்று அப்போது பகிடி பண்ணினோம்.

சரி, 'கிளவுட் நேற்றிவ்' என்றால்? பழைய மென்பொருளை அப்படியே தூக்கி வாடகைக் கணனியில் வைப்பது வீடு மாறும்போது பழைய அலுமாரியையும் கட்டி இழுத்துப்போவது போன்றது. அதற்கு இந்தப் பெயர் பொருந்தாது. எந்தக் கணனியும் எந்த நிமிடமும் சாகலாம், பத்துப் பேர் பார்க்கிற பக்கத்துக்குப் பத்தாயிரம் பேர் ஒரேயடியாக வரலாம் என்று முதல் வரியிலிருந்தே எதிர்பார்த்து எழுதப்படும் மென்பொருளுக்குத்தான் அந்தப் பெயர்.

எங்கள் நிலையத்தின் கதையைச் சொன்னால் இது இலகுவாக விளங்கும். 2008 இல் ஒரு கணனி வாங்கி ஒலிப்பதிவு அறை மேசைக்குக் கீழே வைத்தோம். நிகழ்ச்சி அட்டவணை, நன்கொடைப் பக்கம், ஒலிப்பதிவுகள் எல்லாம் அதற்குள்தான். நிதி சேகரிப்பு நாளில் அறிவிப்பாளர் "இப்போதே எங்கள் இணையத்தளத்துக்குப் போங்கள்" என்று சொன்ன அடுத்த நிமிடம் அது திணறிப் படுத்துவிடும். பொருளாளர் பேனாவை எடுத்துத் தொலைபேசியில் வருகிறவர்களின் பெயரை எழுதுவார். எங்களுக்கு மட்டுமா இது? 2016 ஓகஸ்ட் 9 இரவு நினைவிருக்கிறதா? நாடு முழுவதும் குடிசன மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தபோது அரசாங்கத் தளமே மூடப்பட்டு, ஏறத்தாழ 40 மணித்தியாலம் திறக்கவில்லை. சேவையை முடக்கும் தாக்குதல்களும், ஒரு ரவுட்டர் பழுதானதும், ஆயத்தம் போதாததும் சேர்ந்த கோலம் அது. 2021 மதிப்பீட்டை அமேசனின் மேகத்துக்கென்று புதிதாகக் கட்டினார்கள். அது விழவில்லை.

விழுந்து எழும்புவதையாவது பொறுத்துக்கொள்ளலாம். 2018 இல் எங்கள் கணனியின் வன்தட்டு செத்துப்போனது. அதற்குள் நாற்பதுக்கு மேற்பட்ட முதியோர் நேர்காணல்கள் இருந்தன. அவற்றில் ஒன்று, வாலிப வயதில் வல்வெட்டித்துறையிலிருந்து பாய்க்கப்பலில் பர்மாவுக்குப் போய்வந்த ஒரு பெரியவரின் இரண்டு மணி நேரப் பேச்சு. அவர் காலமான பிறகு மகள் வந்து, ஆண்டு நினைவுக்குப் போட ஒரு பிரதி கேட்டார். கொடுக்க எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த கதையை ஒவ்வொரு வருடமும் ஒலிபரப்புகிற நாங்களே, ஒரே பிரதியை ஒரே மேசைக்குக் கீழே வைத்திருந்தோம். அந்த அம்மாவின் முகத்தை நான் மறக்கவில்லை.

பிறகு எங்கள் குழு உறுப்பினர் ஒருவரின் மகள், அப்போது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவர், "மாமா, நான் புதுசாச் செய்து தாறன்" என்று முன்வந்தார். அவர் செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்ததுதான் என் படிப்பு.

முதல் பாடம் கன்ரெயினர். பெயர் கப்பல் பெட்டியிலிருந்து வந்தது. 1956 ஏப்ரலில் 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 பெட்டிகளோடு அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்ரனுக்குப் போனது. அதற்கு முன் மூட்டை, பீப்பா, மரப்பெட்டி என்று ஒவ்வொன்றாகத் தோளில் ஏற்றி இறக்கினார்கள். பெட்டி ஒரே அளவு ஆனதும், பாரந்தூக்கிக்கு உள்ளே இருப்பது தேயிலையா சைக்கிளா என்று தெரியத் தேவையில்லாமல் போய்விட்டது. நாங்கள் கொழும்புக்குச் சாமான் அனுப்புவதும் அப்படித்தானே. மென்பொருளிலும் இதே தொல்லை இருந்தது. "என்ர கணனியில வேலை செய்யுது, உங்கட கணனியிலதான் பிழை" என்கிற சண்டை. ஆகவே நிரலையும், அதற்குத் தேவையான துணை நிரல்களையும், சரியான பதிப்புகளோடு ஒரே பெட்டியில் அடைத்துவிடுகிறார்கள். லினக்ஸில் இதற்கான அடிப்படைகள் முன்பே இருந்தன. 2013 இல் வந்த 'டொக்கர்' என்ற கருவிதான் அதைச் சாதாரண ஆட்களின் கைக்குக் கொண்டுவந்தது.

இங்கே இரண்டு சொற்களைக் குழப்பக்கூடாது. இமேஜ் என்பது அச்சு. கன்ரெயினர் அந்த அச்சில் வார்த்து ஓடவிடுகிற பொருள். ஒரே அச்சில் ஒன்றும் வார்க்கலாம், நூறும் வார்க்கலாம். நன்கொடை இரவில் ஆட்கள் குவிந்தால் இருபது ஓடும். விடிந்ததும் ஒன்றுகூட ஓடாமல் நின்றுவிடும். ஓடாத நேரத்துக்கு வாடகை இல்லை.

இரண்டாவது பாடத்தை நான் வெட்கப்பட்டுக் கற்றேன். புதிய பக்கத்தைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார் பிள்ளை. இரவிரவாக உட்கார்ந்து பதினொரு பொய் நன்கொடைகளை மிகக் கவனமாகப் பதிந்தேன். காலையில் பார்த்தால் ஒன்றையும் காணவில்லை. "கன்ரெயினருக்கு உள்ளேயே எழுதினால் அப்பிடித்தான் மாமா, அது போக எல்லாம் போயிடும். இது சோதனைக்கு மட்டும்தான், தரவுத்தளம் இன்னும் பூட்டேல்லை" என்றார் சிரித்துக்கொண்டு.

நேயர்களே, இதுதான் இந்தத் துறையின் நடுநாடி. எங்களில் பலர் வன்னியில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து இருந்தவர்கள். பங்கர் வாசலில் எப்போதும் ஒரு பை இருக்கும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி, இரண்டு படங்கள். கொட்டில் எரிந்தால் அடுத்த ஊரில் நாலு தடி நட்டுத் தரப்பாளைக் கட்டலாம். பை தொலைந்தால் தொலைந்ததுதான். கன்ரெயினர் கொட்டில் மாதிரி. அதற்குள் பெறுமதியான எதையும் வைக்கக்கூடாது. நன்கொடைப் பேரேடு, ஒலிப்பதிவுகள், கடவுச்சொற்கள் இவையெல்லாம் வெளியே, அவற்றுக்கென்று அமைத்த தரவுத்தளத்திலும் சேமிப்பிடத்திலும் பாதுகாப்பாக இருக்க வேண்டும். எதை இழக்கலாம், எதை இழக்க முடியாது என்று பிரிக்கத் தெரிந்தவருக்கு மிச்சமெல்லாம் கருவிப் பழக்கம்.

'ஹெரோக்கு' நிறுவனத்தார் 2011 அளவில் இதற்கெல்லாம் பன்னிரண்டு விதிகள் எழுதி வைத்தார்கள். பன்னிரண்டையும் இப்போதே மனப்பாடம் பண்ணவேண்டாம். கடவுச்சொல் போன்ற அமைப்புகளை நிரலுக்குள் எழுதாமல் வெளியிலிருந்து கொடுங்கள். நிரல் தன் குறிப்புகளைக் கோப்பில் ஒளித்து வைக்காமல் வெளியே சொல்லட்டும். நினைவை உள்ளே சேர்த்து வைக்காதீர்கள். தொடக்கத்துக்கு இவை போதும். நான் என் பங்குக்கு ஒன்று சேர்க்கிறேன், இது கணக்காளனின் பிடிவாதம். வலையமைப்பு இடையில் அறுந்தால் நிரல் அதே கட்டளையைத் திரும்ப அனுப்பும். பொறுமையில்லாத அண்ணர் பொத்தானை இரண்டு தரம் அமத்துவார். ஐம்பது டொலர் நூறாகக் கழிந்துவிடக்கூடாது. ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் பற்றுச்சீட்டு இலக்கம் போல ஒரு தனி இலக்கம் போட்டு, அதே இலக்கம் மறுபடி வந்தால் "இது பதிந்தாயிற்று" என்று திருப்பி அனுப்ப வேண்டும்.

இனி அந்தப் பயமுறுத்துகிற பெயர்: குபர்நெற்றிஸ். கூகிள் 2014 இல் வெளியிட்டது. 2015 இல் முதற்பதிப்பு வந்ததோடு, லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் இதற்கென்றே தொடங்கிய பொது அமைப்பிடம் ஒப்படைத்தார்கள். கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவன் என்று பொருள். எங்களிடம் மீகாமன் என்று எவ்வளவு அழகான சொல் இருக்கிறது பாருங்கள். நூற்றுக்கணக்கான கன்ரெயினர்களை எந்தக் கணனியில் ஓடவிடுவது, செத்ததற்குப் பதிலாக எதை எழுப்புவது என்று பார்ப்பது இதன் வேலை.

எப்படிப் பார்க்கிறது? உயர்தரத்தில் கணக்கியல் படித்தவர்களுக்கு வங்கி இணக்கக் கூற்று ஞாபகம் இருக்கும். எங்கள் காசேட்டு மீதி ஒரு பக்கம், வங்கிக் கூற்று மீதி மறுபக்கம். வித்தியாசம் எங்கே என்று தேடிச் சரிப்படுத்துவோம். குபர்நெற்றிஸ் செய்வதும் அதேதான். அவர்களும் அதற்கு இணக்கம் என்ற சொல்லையே பாவிக்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு உள்ளூரச் சந்தோசம். "எனக்கு மூன்று கன்ரெயினர் ஓடவேண்டும்" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால், உண்மையில் எத்தனை ஓடுகிறது என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும். இரண்டுதான் என்றால் ஒன்றை எழுப்பும். நான்கென்றால் ஒன்றை நிறுத்தும். நாங்கள் மாத முடிவில் செய்வதை அது ஓயாமல் செய்கிறது. சம்பளமும் கேட்பதில்லை.

ஆனால் எங்கள் நிலையம் குபர்நெற்றிஸ் பாவிப்பதில்லை. ஒரு நன்கொடைப் பக்கத்துக்கு அது தேவையில்லை. கன்ரெயினரைக் கொடுத்தால் தாங்களே ஓட்டித் தருகிற சேவைகள் இருக்கின்றன, கூகிளின் 'கிளவுட் ரன்' மாதிரி. பெரிய நிறுவனங்களில் வேலை தேடுகிறவர்கள் மட்டும் குபர்நெற்றிஸைக் கற்கவேண்டும். வேலை விளம்பரங்களில் அதைத்தான் கேட்கிறார்கள்.

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன். என் அக்காவின் மகன் வீட்டில் இருந்து பழகினான். கடனட்டை இலக்கம் கொடுத்து ஒரு மேகக் கணக்குத் திறந்தான். இரகசியச் சாவியை நிரலுக்குள்ளேயே எழுதி, அந்த நிரலை யாரும் பார்க்கக்கூடிய பொதுக் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டான். இப்படி விழும் சாவிகளைப் பொறுக்குவதற்கென்றே தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் அலைகின்றன. சில நிமிடங்களுக்குள் யாரோ அவன் பெயரில் பெரிய இயந்திரங்களை ஓட்டி மின்நாணயம் தோண்டத் தொடங்கிவிட்டார்கள். விடியப் பார்த்தால் 4,300 அமெரிக்க டொலர் பில். அத்தான் டாக்சி ஓட்டுகிறவர். மூன்று இரவு நித்திரை இல்லை. கடிதம் எழுதி, மன்றாடி, கடைசியில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்தார்கள். எல்லோருக்கும் செய்வார்கள் என்று நம்பியிருக்க முடியாது.

எரிக்கிற பாவனைக்கு ஏற்ப ஏறுகிற மீற்றர் இது, மின்சாரக் கட்டணம் மாதிரி. செலவு எச்சரிக்கை வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஆனால் அது மின்னஞ்சல் அனுப்புமே தவிர பொதுவாக மீற்றரை நிறுத்தாது. பழகி முடிந்ததும் அழித்துவிட வேண்டும். பெரிய நிறுவனங்கள் நடத்தித் தருகிற குபர்நெற்றிஸுக்குத் தலைமைப் பகுதி மட்டும் மணிக்கு 10 அமெரிக்கச் சதம் வரும். சின்னக் காசுதானே என்று மறந்துவிட்டால் மாதம் 70 டொலருக்கு மேல். இயந்திர வாடகை வேறு.

பணத்தைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. 2024 மே மாதம் நடந்ததைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். பல்கலைக்கழக ஊழியர்களின் ஓய்வூதிய நிதியமான யூனிசூப்பரின் தனியார் மேகச் சந்தாவைக் கூகிள் தவறுதலாக அழித்துவிட்டது. 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஒரு வாரமளவில் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. தொடக்கத்தில் அமைக்கும்போது ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டதால், கணினி அதற்கு ஒரு வருடத் தவணை என்று தானே போட்டுக்கொண்டு, தவணை முடிந்ததும் அழித்தது. இரண்டு இடங்களில் பிரதிகள் இருந்தன. ஒரே சந்தாவின் கீழ் இருந்தபடியால் இரண்டும் போயின. வேறொரு நிறுவனத்திடம் தனியாக வைத்திருந்த காப்புப் பிரதியும் அவர்களைக் காப்பாற்ற உதவியது. அந்தச் செய்தியை வாசித்த கிழமையே எங்கள் குழுவைக் கூட்டினேன். இப்போது ஒலிப்பதிவுகளுக்கு மூன்று பிரதிகள்: மேகத்தில் ஒன்று, இன்னொரு நிறுவனத்திடம் ஒன்று, செயலாளர் வீட்டு அலுமாரியில் வன்தட்டில் ஒன்று.

சரி, எங்கே தொடங்குவது? மேகத்தில் தொடங்க வேண்டாம். வீட்டில் தொடங்குங்கள். 8 கிகாபைட் நினைவகம் உள்ள மடிக்கணனி போதும். முதல் மாதம் லினக்ஸ் கட்டளைகளும், நிரலின் மாற்றங்களைக் குறித்து வைக்கிற 'கிற்' கருவியும். பிறகு பைதன் மொழியில் ஒரு சின்ன இணையப் பக்கம். பலர் இந்தப் படிகளைத் தாண்டி நேரே குபர்நெற்றிஸுக்குப் பாய்ந்து, இரண்டாம் கிழமையே விட்டுவிடுகிறார்கள். அடுத்ததாகத் தனிப்பட்ட பாவனைக்கு இலவசமான டொக்கரை நிறுவி, அந்தப் பக்கத்தைப் பெட்டியில் அடையுங்கள். தரவுத்தளத்தை வேறொரு கன்ரெயினராகப் பக்கத்தில் ஓடவிட்டு, அதன் தரவை வெளியே சேமிக்கப் பழகுங்கள். என்னைப் போல பதினொன்றைத் தொலைத்துப் பார்த்தால் மறக்காது. அதன் பிறகு 'மினிகியூப்' அல்லது 'கைண்ட்'. உங்கள் மடிக்கணனிக்குள்ளேயே ஒரு குட்டிக் குபர்நெற்றிஸ். இதுவரைக்கும் ஒரு சதமும் செலவில்லை, கடனட்டையும் தேவையில்லை. மேகக் கணக்கு கடைசியில்தான்.

பாடம்? டொக்கர், குபர்நெற்றிஸ் இரண்டின் அதிகாரபூர்வக் கையேடுகளும் இலவசம், நன்றாகவும் இருக்கின்றன. லினக்ஸ் அறக்கட்டளையின் குபர்நெற்றிஸ் அறிமுக வகுப்பை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். பல பொது நூலகங்கள் அங்கத்துவ அட்டைக்கு இணையப் பாடங்களைத் தருகின்றன, கேட்டுப் பாருங்கள். குபர்நெற்றிஸ் நிருவாகிக்கான பரீட்சை இரண்டு மணித்தியாலம். சரியான விடைக்குக் கோடிடுகிற பரீட்சை அன்று. உண்மையான கணனியில் உண்மையான பழுதைத் திருத்திக் காட்ட வேண்டும், கையேட்டைப் பார்க்கலாம். கட்டணம் சில நூறு அமெரிக்க டொலர். பட்டம் இருக்கிறதா, விசா என்ன என்று அந்தப் பரீட்சை கேட்பதில்லை.

வேலை தருகிறவர் கேட்பார். அதை மறைக்கக்கூடாது. எங்களில் பிரிட்ஜிங் விசாக்காரர் பலருக்கு அரசாங்கப் படிப்புக் கடன் கிடையாது. பல்கலைக்கழகத்துக்குப் போனால் வெளிநாட்டு மாணவர் கட்டணம். சிலருக்கு விசாவில் படிப்பனுமதி என்ன என்பதையே முதலில் பார்க்க வேண்டும். பரீட்சைச் சான்றிதழ் ஒன்றோடு மட்டும் யாரும் தூக்கிக் கொடுக்கமாட்டார்கள். செய்த வேலையைப் பொதுக் களஞ்சியத்தில் காட்டவேண்டும், சாவிகளை எடுத்துவிட்டு. முதல் வேலை உதவி மேசையில் தொலைபேசி எடுப்பதாகவும் இருக்கலாம். நான் இங்கே வந்து முதலில் செய்தது பேக்கரியில் தட்டுக் கழுவியது.

அந்தத் தம்பி பாடத்திட்டத்தை அனுப்பினார். பன்னிரண்டு கிழமை. பத்துத் தலைப்புகளில் ஏழு, மேலே சொன்ன இலவசக் கையேடுகளில் இருப்பவை. பரீட்சைக் கட்டணம் உள்ளடங்கவில்லை. தேசியப் பயிற்சிப் பதிவேட்டில் அந்தப் பாடநெறியைத் தேடினேன், அகப்படவில்லை. பெற்றோரே, பிள்ளைக்குக் காசு கட்ட முன் இந்த மூன்றையும் நீங்களே பார்க்கலாம், கணனி தெரியத் தேவையில்லை. தம்பி காசு கட்டவில்லை. பாவித்த மடிக்கணனி ஒன்றை 350 டொலருக்கு வாங்கினார். எங்கள் பிள்ளை சனிக்கிழமைகளில் சொல்லிக் கொடுத்தார்.

சென்ற கிழமை அதிகாலை மூன்றரைக்கு, அவருடைய வேலை இடைவேளையில், எனக்கு ஒரு குரல் செய்தி வந்திருந்தது. "அண்ணை, மூண்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒண்டை அழிச்சுப் போட்டன். அஞ்சு செக்கனில திரும்ப மூண்டாயிட்டுது அண்ணை! இன்னொருக்கா அழிச்சன், திரும்பவும் வந்திட்டுது!" காலையில் மனைவி, "ஆர் இந்த நேரத்தில, ஊரில ஏதும் நடந்திட்டுதோ?" என்று பதறிப்போய்க் கேட்டா. விளக்கிச் சொல்லி முடிக்கத் தேநீர் ஆறிவிட்டது.

சனிக்கிழமை வகுப்பு நிலையத்தின் சிறிய அறையில் பிற்பகல் இரண்டு மணிக்கு நடக்கிறது. கட்டணம் இல்லை. எட்டுக் கதிரைதான் இருக்கிறது, ஆகவே வருகிறவர்கள் முன்கூட்டியே அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள். மடிக்கணனியையும் அதன் மின்கம்பியையும் கொண்டுவாருங்கள். கடனட்டையை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.